கடிதக் கட்டணத்தில் ஒரு மரியாதை

புதிதாக ஒரு நினைவுத் தபால்தலை கைக்கு வந்தால் நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. மூலையில் அச்சிட்டிருக்கும் விலையைப் பார்ப்பேன். பிறகு, அந்த ஆண்டு அந்த நாட்டில் ஒரு சாதாரணக் கடிதம் போட எவ்வளவு ஆனது என்று கட்டணப் பட்டியலைப் புரட்டுவேன். இரண்டும் ஒத்துப்போனால் அந்தத் தலை ஊர் சுற்றியிருக்கும். இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆல்பத்துக்கென்றே பிறந்து ஆல்பத்திலேயே முடங்கியிருக்கும். அமெரிக்காவின் சிவில் உரிமை இயக்கத்தைத் தபால்தலை, உறை, முத்திரை இவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா என்று தொடங்கி, வருடக்கணக்கில் அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறேன். யாருக்குத் தலை வெளியிட்டார்கள் என்பதைவிட, அந்தத் தலையை யார் நாக்கில் நனைத்து ஒட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1940ஐ எடுத்துக்கொள்வோம். கறுப்பினத்தவர் ஒருவரின் முகம் அமெரிக்கத் தபால்தலையில் முதன்முறையாக வந்தது அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று. அவர் புக்கர் டி. வாஷிங்டன். அலபாமாவில் அவர் வளர்த்தெடுத்த டஸ்கீகி கல்விநிலையத்திலேயே வெளியீட்டு விழா நடந்தது. அஞ்சல்துறைத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்லி நேரில் வந்தார். அடிமையாகப் பிறந்து பின்னாளில் பிலடெல்பியாவில் வங்கி நடத்திய ரிச்சர்ட் ரைட் என்பவர் விடாமல் கேட்டுப் பெற்ற தலை அது. 'புகழ்பெற்ற அமெரிக்கர்கள்' என்ற அந்த வரிசையில் மொத்தம் 35 தலைகள். ஏழு துறைகள், துறைக்கு ஐந்து பேர். விலை 1, 2, 3, 5, 10 சென்ட். கல்வியாளர்களில் வாஷிங்டனுக்கு ஒதுக்கியது 10 சென்ட். அன்றைய கடிதக் கட்டணம் 3 சென்ட். அந்த விலையில் ஹார்வர்டின் சார்ல்ஸ் எலியட் இருந்தார். வரிசையிலேயே உயர்ந்த விலை என்பதால் உயர்ந்த மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பருத்திக்காட்டில் கூலிக்குப் போனவர் சிகாகோவில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போட 10 சென்ட் தலை கேட்டிருப்பாரா? எலியட்டையோ, தினப்படி விற்கும் ஜெஃபர்சனையோதான் ஒட்டியிருப்பார். 1967இல் ஃபிரடெரிக் டக்ளஸுக்கு வந்த தலையும் அப்படியே: விலை 25 சென்ட், கடிதத்துக்கோ 5 சென்ட்.

இடையில் ஒன்று மட்டும் சரியாக அமைந்தது. 1963, ஆகஸ்ட் 16. அடிமை ஒழிப்புப் பிரகடனத்தின் நூற்றாண்டுத் தலை, சிகாகோவில் வெளியானது. விலை 5 சென்ட், அதாவது கடிதக் கட்டணமேதான். வடிவமைத்தவர் ஜார்ஜ் ஓல்டன். அமெரிக்கத் தபால்தலை ஒன்றை வடிவமைத்த முதல் கறுப்பினக் கலைஞர். லிங்கன் முகம் இல்லை, கொடி இல்லை, கழுகு இல்லை. தடித்த சங்கிலி, அதில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓல்டன் பிறந்தது அலபாமாவின் பர்மிங்காமில். அதே பர்மிங்காமில் அந்த ஆண்டு மே மாதம்தான் பள்ளிப் பிள்ளைகள்மீது நாயை ஏவினார்கள், தீயணைப்புக் குழாயைத் திருப்பினார்கள். தலை வெளியான பன்னிரண்டாம் நாள் வாஷிங்டன் பேரணி. இப்படி ஒரு கோடையில், சங்கிலி ஒட்டிய உறைகள் மின் கட்டண ரசீதோடும் கல்யாணப் பத்திரிகையோடும் தெற்கு மாநிலங்களின் வீட்டுப் பெட்டிகளில் விழுந்திருக்கின்றன. அந்த உறைகளில் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். முகவரியில் இருப்பவர் யாரென்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

1978இல் 'பிளாக் ஹெரிடேஜ்' வரிசை தொடங்கியபோது இந்த விலைச் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. முதல் தலை ஹாரியட் டப்மன், 13 சென்ட். அமெரிக்கத் தபால்தலையில் வந்த முதல் கறுப்பினப் பெண். அடுத்த ஆண்டு மார்ட்டின் லூதர் கிங், 15 சென்ட். இரண்டுமே அன்றைய கடிதக் கட்டணம். இரண்டையும் வரைந்தவர் ஜெரி பிங்க்னி. கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். இறந்து பத்தாண்டு கழிந்தால்தான் ஒருவருக்குத் தலை என்பது அன்றைய விதி. ஆகவே 1979 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று நம்மை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. 1969 ஜனவரி 25 அன்றே இந்தியா கிங்குக்குத் தபால்தலை வெளியிட்டுவிட்டது. விலை 20 பைசா. அன்று நம் ஊரில் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு ஆன கட்டணமும் அதுவே. சொந்த நாட்டு உறையில் ஏறப் பத்து ஆண்டு இருக்கும்போதே, கிங் தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போகிற கடிதத்தில் ஏறிவிட்டார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: அமெரிக்கா 1961 ஜனவரி 26 அன்று காந்திக்கு வெளியிட்ட தலைகளில் ஒன்று 4 சென்ட், அன்றைய அவர்களுடைய கடிதக் கட்டணம். 1959இல் கிங் இந்தியாவுக்கு வந்துபோன செய்திக்கு நான் தனிப் பக்கம் ஒதுக்கவில்லை. இந்த இரண்டு தலைகளையும் அருகருகே வைத்து, கீழே இரண்டு விலையையும் எழுதிவிட்டேன். பார்க்கிறவருக்குப் புரிகிறது.

அந்த 20 பைசாத் தலையை வாங்கப் போனபோது பழைய ஸ்டாம்ப் வியாபாரி ஒருவரிடம் நடந்த பேச்சு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முத்திரை விழாத மின்ட் தலையை எடுத்து நீட்டினார்.

"இது வேணாம் பாய், முத்திரை விழுந்ததா குடுங்க."

"முத்திரை விழுந்துட்டா விலை போச்சே சார்! அதுல என்ன இருக்கு? கிலோ கணக்குல கிடக்கும், நீங்களே பொறுக்கிக்கங்க."

பொறுக்கினேன். பலவற்றில் கிங்கின் முகத்தின் மீதே முத்திரை குத்தியிருந்தது. அழகு பார்க்கிற சேகரிப்பாளர் ஓரத்தில் மட்டும் லேசாகத் தொட்ட முத்திரையைத் தேடுவார். எனக்கு ஊர்ப் பெயரும் தேதியும் படிக்க வேண்டும். முகம் கொஞ்சம் கறுத்தாலும் பரவாயில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் உறைத்தாள் தனியே கழன்றுவிடும். பிளாட்டிங் பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றிவிடுவேன். இப்போது வருகிற அமெரிக்கத் தலைகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஸ்டிக்கர் பசை தண்ணீருக்கு அசையாது. உறையோடு சேர்த்துச் சதுரமாக வெட்டி வைப்பதுதான் உத்தமம். அதில் ஒரு லாபமும் இருக்கிறது: முத்திரை முழுசாகக் கிடைக்கும்.

விலைக்கு அடுத்து முகம். இங்கேதான் தபால்தலைக்கும் இந்த இயக்கத்துக்கும் உள்ள இயல்பான பொருத்தமின்மை வெளிப்படுகிறது. கட்டைவிரல் அகலத்துக்குள் ஒரு முகம்தான் நன்றாக விழும். இயக்கமோ முகம் தெரியாதவர்களால் நடந்தது. தேவாலயத்து நிலவறையில் ஸ்டென்சில் மை படிந்த கையோடு துண்டறிக்கை உருட்டியவர்கள், ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேருந்தில் ஏறாமல் வேலைக்கு நடந்துபோன சமையற்காரிகள், வாக்காளர் பதிவுப் படிவத்தோடு வீடு வீடாகப் போன இருபது வயதுப் பிள்ளைகள். இவர்களை எப்படித் தலையில் ஏற்றுவது?

2005 ஆகஸ்ட் 30 அன்று வெளியான பத்துத் தலை கொண்ட தாளை இதற்கான நல்ல பதிலாக நினைக்கிறேன். ஒவ்வொன்றும் 37 சென்ட், கடிதக் கட்டணம். ஆட்களை விட்டுவிட்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டார்கள்: ராணுவத்தில் இனப்பிரிவினையை நீக்கிய 1948ஆம் ஆண்டு ஆணை, பள்ளிகளில் இனப்பிரிவினைக்கு எதிரான 1954 பிரவுன் வழக்கு, மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, லிட்டில் ராக் பள்ளியின் ஒன்பது மாணவர்கள், உணவக மறியல், சுதந்திரப் பயணிகள், வாஷிங்டன் பேரணி, 1964 சிவில் உரிமைச் சட்டம், செல்மா நடைபயணம், 1965 வாக்குரிமைச் சட்டம். புதிதாக வரையச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த ஓவியங்களையே எடுத்தாண்டார்கள். பேருந்துப் புறக்கணிப்புக்கு சார்ல்ஸ் ஆல்ஸ்டன் 1958இல் வரைந்த 'நடை' ஓவியம். அதில் புறக்கணிப்பின் அடையாளமான ரோசா பார்க்ஸ் இல்லை, கிங் இல்லை. ஒரு கூட்டம் நடக்கிறது, பெண்கள், பிள்ளைகள், முகங்கள் வெறும் வண்ணத் தளங்கள். சின்னதாகச் சுருங்கியபோதும் அந்த நடை குலையவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. இதற்கு நேர் எதிரானது 2013 பிப்ரவரி 4, ரோசா பார்க்ஸின் நூற்றாண்டு நாளில் வந்த தலை: முழுக்க அவர் முகம், நன்றாகவே வரைந்திருக்கிறார்கள். ஆனால் 381 நாள் நடந்தவர்களை அந்தத் தலையிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது. மான்ட்கோமரிப் பக்கத்தில் ஆல்ஸ்டனை நடுவில் வைத்திருக்கிறேன், பார்க்ஸை ஓரத்தில். பார்வையாளர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு.

அந்த 2005 தாளில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. உணவக மறியல், சுதந்திரப் பயணிகள், வாஷிங்டன் பேரணி, செல்மா: இந்த நான்கிலும் உடம்பால் இருந்த ஒருவர் அப்போது உயிரோடு, அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். ஜான் லூயிஸ். 1960இல் நாஷ்வில்லில் உணவக மேசைமுன் உட்கார்ந்தவர். 1961இல் பேருந்துப் பயணத்தில் அடிவாங்கியவர். 23 வயதில் லிங்கன் நினைவகப் படியில் நின்று பேசியவர். 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் மண்டை உடைந்தவர். உயிரோடு இருப்பவருக்குத் தலை கிடையாது. ஆகவே நான்கு தலைகளிலும் பெயரில்லாமல் இருந்தார். 2020 ஜூலை 17 அன்று இறந்தார். அதற்குள் விதி மூன்று ஆண்டாகத் தளர்ந்திருந்தது; 2023 ஜூலை 21 அன்று அவர் முகம் வந்துவிட்டது. அதை நான் தனிப்பக்கத்தில் வைக்கவில்லை. பெயரில்லாத நான்குக்குப் பிறகு ஐந்தாவதாகவே வைத்தேன்.

2009 பிப்ரவரி 21 அன்று, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் நூற்றாண்டுக்கு வந்த ஆறு தலைகளில் வேறு வழி பார்த்தார்கள். ஒரு தலைக்கு இரண்டு பேர், மொத்தம் பன்னிரண்டு பேர். முதலில் பார்த்தபோது சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் சில ஜோடிகள் உலுக்குகின்றன. மெட்கர் எவர்ஸும் ஃபேனி லூ ஹேமரும் ஒரே தலையில். 1963 ஜூன் 9 அன்று மிசிசிப்பியின் வினோனா ஊரில் ஹேமரைக் கைது செய்து, சிறைக்குள் கடுமையாக அடித்தார்கள். ஜூன் 12 அன்று விடுதலை. வெளியே வந்தபோது கிடைத்த செய்தி, அன்று அதிகாலை ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது. இன்னொரு தலையில் எலா பேக்கரும் ரூபி ஹர்லியும். 1951இல் பர்மிங்காமில் அமைப்பின் அலுவலகம் திறந்து உட்கார்ந்தவர் ஹர்லி. ஊர் ஊராகப் போய்க் கிளைகளைக் கட்டியவர் பேக்கர். தலைவர் என்ற ஒற்றை மனிதரைச் சுற்றி இயக்கம் சுழல்வதை வெளிப்படையாக எதிர்த்தவர். அப்படிப்பட்டவருக்குத் தனித்தலை கொடுக்காமல் தோழியோடு சேர்த்துக் கொடுத்தது தற்செயலாக இருக்கலாம்; பொருத்தம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தலை வெளியிடும் துறையின் கைகளும் சுத்தமில்லை. அதையும் சொல்லாமல் ஆல்பத்தை அடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1913இல் அஞ்சல்துறைத் தலைவராக வந்த ஆல்பர்ட் பர்ல்சன் தன் துறையில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைத்தார். அதற்கும் முன்னால், 1898 பிப்ரவரியில், தென் கரோலினாவின் லேக் சிட்டியில் ஃப்ரேசியர் பேக்கர் என்ற கறுப்பின போஸ்ட்மாஸ்டரின் வீட்டை ஒரு கும்பல் கொளுத்தியது. அந்த வீடுதான் அஞ்சலகமும். தப்பி ஓட முயன்றபோது அவரையும் கைக்குழந்தையையும் சுட்டுக் கொன்றார்கள். நியாயம் கேட்டு குடியரசுத் தலைவர் மெக்கின்லியிடம் போனவர் ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர். அந்த வெல்ஸுக்கு 1990இல் 25 சென்ட் தலை வந்தது, கடிதக் கட்டணத்தில். லேக் சிட்டி அஞ்சலகத்துக்கு 2019இல் பேக்கரின் பெயரைச் சூட்டினார்கள். வெல்ஸ் தலைக்குக் கீழே நான் எழுதியிருப்பது பேக்கரின் பெயரை மட்டும்தான்.

இண்டியனோலா என்ற சின்ன ஊருக்காக ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கிறேன். மிசிசிப்பி டெல்டாவில் இருக்கிறது. அங்கே மின்னி காக்ஸ் என்ற கறுப்பினப் பெண் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். ஊர் வெள்ளையர்கள் மிரட்டி ராஜினாமா எழுதவைத்தார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் அதை ஏற்கவில்லை. 1903 ஜனவரியில் அஞ்சலகத்தையே மூடிவிட்டார், காக்ஸுக்குச் சம்பளம் மட்டும் தொடர்ந்தது. 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினையைக் காக்க 'குடிமக்கள் மன்றம்' என்ற வெள்ளையர் அமைப்பு பிறந்ததும் இதே ஊரில்தான். 1962 ஆகஸ்ட் 31 அன்று ஃபேனி லூ ஹேமர் வாக்காளராகப் பதிவுசெய்யப் பேருந்தில் வந்து இறங்கியதும் இதே ஊர் நீதிமன்றத்தில்தான். அன்று வீடு திரும்பியதும் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். இந்தப் பக்கத்தில் நான் வைத்திருப்பது இண்டியனோலா முத்திரை விழுந்த மிகச் சாதாரணமான வணிக உறை ஒன்று, அருகில் 2009 ஹேமர்–எவர்ஸ் தலை. விலை மதிப்பு என்று பார்த்தால் ஆல்பத்திலேயே மலிவான பக்கம்.

கடைசிக் கட்டம் எனக்கு இன்னும் முடியாத கட்டம். 1964 ஜூன் 21. ஜேம்ஸ் சேனி, 21 வயது, மிசிசிப்பியின் மெரிடியன் ஊர்க்காரர், கறுப்பினத்தவர். ஆண்ட்ரூ குட்மன், 20 வயது, நியூயார்க் மாணவர். மைக்கேல் ஷ்வெர்னர், 24 வயது, அவரும் நியூயார்க்கிலிருந்து வந்த இயக்கப் பணியாளர். வாக்காளர் பதிவு வேலைக்காகப் போனவர்கள். எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வேகமாக வண்டி ஓட்டினார்கள் என்று மிசிசிப்பியின் பிலடெல்பியாவில் கைது செய்தார்கள். இரவு விடுவித்து, துரத்திப் பிடித்துச் சுட்டார்கள். ஒரு மண் அணைக்கட்டுக்கு அடியிலிருந்து ஆகஸ்ட் 4 அன்று உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். 2014இல் மூவருக்கும் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. தபால்தலை வரவில்லை. 2005 தாளின் பத்து நிகழ்ச்சிகளில் அந்தக் கோடைக்கும் இடமில்லை. அந்த ஆண்டுக்கான இடத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதனால் அந்தச் சட்டத்தின் தலையை, ஜேக்கப் லாரன்ஸின் உணவக ஓவியம் உள்ளதை, நான் இந்த மூவர் பக்கத்துக்கு நகர்த்திவிட்டேன். சட்டத்தில் கையெழுத்தானது ஜூலை 2. அப்போது மூவரையும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

குட்மன் அன்று மெரிடியனிலிருந்து பெற்றோருக்கு அஞ்சலட்டை எழுதினார். பத்திரமாக வந்து சேர்ந்தேன், ஊர் நன்றாக இருக்கிறது, மக்கள் நன்றாக வரவேற்றார்கள் என்று. அஞ்சலட்டைக் கட்டணம் அப்போது 4 சென்ட். இயக்கத்தின் அஞ்சல் வரலாற்றில் அதைவிட முக்கியமான தாள் ஒன்றை என்னால் சொல்ல முடியாது. அது அந்தக் குடும்பத்துக்கு உரியது, எந்தச் சேகரிப்பாளரும் ஆசைப்படக் கூடாத பொருள்.

அமெரிக்காவில் தலை கேட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம். 1957 முதல் இருக்கும் குடிமக்கள் ஆலோசனைக் குழு பரிசீலித்துச் சொல்லும். முடிவு அஞ்சல்துறைத் தலைவருடையது. விண்ணப்பத்தைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், அதாவது தலை கேட்பதற்கும் ஒரு தலை ஒட்டியாக வேண்டும். இந்த மூவருக்காக எழுதுகிறவர்களுக்கும், நாளை வரையப்போகிற கலைஞருக்கும் என் யோசனை இது. எஃப்பிஐ அச்சிட்ட 'காணவில்லை' சுவரொட்டியின் மூன்று முகங்களை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் அது தேடியவர்களின் பார்வை. காணாமல் போனது சேனி மட்டுமாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா அப்போதே சொன்னார். தேடலில் வேறு கறுப்பின இளைஞர்களின் உடல்கள் ஆற்றிலிருந்து கிடைத்தபோது நாடு அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஆகவே முகங்களை வைத்தால் அளவிலும் வரிசையிலும் கவனம் வேண்டும். என்னைக் கேட்டால் முகமே வேண்டாம். அன்றைய மிசிசிப்பி வாக்காளர் பதிவுப் படிவத்தை வையுங்கள். மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பிரிவை எடுத்து எழுதி விளக்கம் சொல் என்று கேட்கிற அதே படிவம். அவர்கள் கையில் தினமும் இருந்தது அதுதான். கீழே மூன்று பெயர்கள், சேனி முதலில். விலைக்குப் பதிலாக இப்போது 'ஃபாரெவர்' என்று அச்சிடுகிறார்கள்; கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அது ஒரு சாதாரணக் கடிதத்துக்குச் செல்லும்.